துக்கம் விசாரிக்க யாரும் வராத சாவு

நார்வே நாட்டின் ட்ரோன்ஹெய்ம் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, அவை ஒரு பெட்டிக்குள் திரியும்போது எந்த நரம்பணு எப்போது துடிக்கிறது என்று பதிவு செய்தார்கள். பெட்டிக்குள் ஓரிடத்தில் ஒரு பொருளை வைத்தார்கள். எலி அதன் அருகே வரும்போதெல்லாம் சில அணுக்கள் துடித்தன. இது எதிர்பார்த்ததுதான். பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். அது இருந்த வெறும் தரைக்கு எலி வந்தபோது வேறு சில அணுக்கள் துடிக்கத் தொடங்கின. ‘இங்கே முன்பு ஒன்று இருந்தது’ என்று குறித்துவைத்துக்கொள்ளும் அணுக்கள் அவை. நாட்கணக்கில் அவை ஓயவில்லை. 2013-இல் வெளியான ஆய்வு இது. அந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். பரிசு, மூளை எப்படி இடத்தை அறிகிறது என்பது பற்றிய அவர்களுடைய வேறொரு கண்டுபிடிப்புக்காக.

எலியை வைத்து மனிதத் துக்கத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால், துக்கத்தின்போது மூளையில் நடப்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் மேரி-ஃபிரான்சிஸ் ஓ’கானர், இழப்பை விளக்க இந்த எலிகளைத்தான் துணைக்கு அழைக்கிறார். நெருங்கிய ஒருவர் எங்கே இருப்பார், எப்போது வருவார் என்று மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. ஆள் போன பிறகும் அந்த வரைபடம் சிலகாலம் பழையபடியே வேலை செய்கிறது. ‘செத்துவிட்டார்’ என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும் செய்தி. வரைபடத்தைத் திருத்த மாதங்கள் பிடிக்கும்.

வீட்டு நாய் செத்துப்போன எவரிடமும் கேட்டுப்பாருங்கள். கேட்டைத் திறக்கும்போது கால் தானாகவே ஒரு நொடி நிற்கும், மேலே பாய்ந்துவிடுமோ என்று. ராத்திரி மொசைக் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்கும். சாப்பிட்டு முடித்துத் தட்டில் ஒரு கவளம் தயிர்சாதத்தை ஒதுக்கிய பிறகுதான் உறைக்கும். பூனை வளர்த்தவர்களுக்குக் கட்டிலின் கால்மாட்டில் அந்தச் சிறிய கனம் தெரியும். ‘எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?’ என்று சிலர் பயந்துபோகிறார்கள். இல்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூளை எப்போதும் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே கணித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. 12 ஆண்டுகள் தினமும் சரியாகப் பலித்த ஒரு கணிப்பை அது சட்டென்று கைவிடுவதில்லை.

இத்தனை ஆழமாக ஒரு விலங்கு எப்படி உள்ளே இறங்கியது? ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவாவும் டகேஃபுமி கிகுசுயியும் நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் ஒரே அறையில் அரை மணி நேரம் விட்டு, முன்னும் பின்னும் இரு தரப்பின் சிறுநீரிலும் ஆக்சிடோசின் அளவைப் பார்த்தார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் பிணைப்பை உண்டாக்குவதில் பெரும்பங்கு வகிக்கும் ஹார்மோன் அது. நாய் நீண்ட நேரம் கண்ணுக்குள் பார்த்த இணைகளில், மனிதரின் ஆக்சிடோசின் உயர்ந்தது, நாயினுடையதும் உயர்ந்தது. குட்டியிலிருந்து மனிதர் கையால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் நம்மோடு கிடந்ததில், பிள்ளைக்கென்று நம் உடலில் இருந்த வழியிலேயே நாய் உள்ளே நுழைந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். ‘பிள்ளை மாதிரி வளர்த்தேன்’ என்று அழுகிறவர் மிகைப்படுத்தவில்லை. ரசாயனக் கணக்கில் அது சரியாகவே இருக்கிறது.

அதோடு இன்னொன்றும் உண்டு. வேறு ஊரில் இருக்கும் அண்ணனை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கிறோம். நாயை ஒரு நாளைக்கு இருபது முறை பார்க்கிறோம். காலை ஐந்தரைக்கு அது எழுப்பும், ஆறு மணிக்கு வாக்கிங், எட்டு மணிக்குச் சோறு, மாலை வாசலில் காத்திருப்பு. அது போகும்போது ஒரு நாளின் கால அட்டவணையே கிழிந்துபோகிறது. ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கும் ஒருவருக்கு, அந்த வாக்கிங்தான் தெருவில் நாலு பேரிடம் பேசக் கிடைத்த ஒரே சாக்காக இருந்திருக்கும். சில சமயம் அண்ணன் சாவைவிட நாயின் சாவு அதிகம் ஆட்டிவைப்பதைக் கண்டு வெட்கப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வலி, உறவின் பெயரைக் கேட்டு வருவதில்லை. புழக்கத்தையும் நெருக்கத்தையும் பார்த்து வருகிறது.

உடலும் பிரித்துப்பார்ப்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 60 வயதைக் கடந்த ஒரு பெண்மணி நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வந்தார். மாரடைப்பின் அறிகுறிகள் எல்லாம் இருந்தன. ஆனால் இதயத்தின் ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை. இடது கீழறையின் நுனி மட்டும் சுருங்காமல் பலூன் போல உப்பி நின்றது. கடும் மன அதிர்ச்சியில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பெருக்கெடுக்கும்போது இப்படி நடப்பதுண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்த ‘டாகோட்சுபோ’ என்ற இதயக் கோளாறு இது. அவருக்கு இருந்த கவலைகளில் மிக அண்மையது, செல்லமாக வளர்த்த சிறு நாய் ஒன்றின் சாவு. 2017-இல் ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் அவருடைய நோய்க்கதையை வெளியிட்டது. சிகிச்சையில் அவர் தேறிவிட்டார். இது அபூர்வம்தான், நாய் செத்தால் எல்லோருக்கும் இதயம் உப்பிவிடாது. இருந்தாலும், ‘நாய்தானே’ என்ற சொல்லை அந்த இதயம் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச நினைத்தது. செத்தது எந்த இனம் என்று மூளையும் இதயமும் பார்ப்பதில்லை. பார்ப்பது சுற்றியுள்ள மனிதர்கள்.

நம் வீடுகளில் ஒரு மனிதர் செத்தால் என்ன நடக்கிறது? அடுப்பு எரியாது; பங்காளி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ சோறு வரும். வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எப்படி ஆச்சு?’ என்ற கதையை மறுபடி மறுபடி சொல்லியாக வேண்டும். பால் தெளிக்க ஒரு நாள், காரியத்துக்கு ஒரு நாள். அழ ஒரு நேரம், மளிகைச் சாமான் பட்டியல் எழுத ஒரு நேரம். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த கொள்கை, ஆரோக்கியமான துக்கம் இரண்டு கரைகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருக்கும் என்கிறது. ஒரு பக்கம் இழப்பை நினைத்து உருகுவது, இன்னொரு பக்கம் வாழ்க்கையை மறுபடி கட்டுவது. ஒரே கரையில் தங்கிவிடுவதுதான் ஆபத்து. நம் சாவுச் சடங்குகள் இந்தப் போக்குவரத்தைக் கட்டாயப்படுத்தி நடத்தி வைக்கின்றன.

நாய் செத்த வீட்டுக்கு இதில் எதுவும் இல்லை. துக்கம் விசாரிக்க ஆள் வராது. அலுவலகத்தில் விடுப்பு கேட்டால் சிரிப்பார்கள், ஆகவே ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பொய் சொன்ன பிறகு, அழுது வீங்கிய கண்ணுக்கும் ஒரு பொய் தேட வேண்டும். அமெரிக்கத் துக்கவியலாளர் கென்னத் டோக்கா 1989-இல் இந்த வகைத் துக்கத்துக்குத் தனிப்பெயர் கொடுத்தார். ஊர் அங்கீகரிக்காத, உரிமை மறுக்கப்பட்ட துக்கம். கருச்சிதைவு, ரகசியக் காதலரின் மரணம், விவாகரத்தான துணையின் மரணம் ஆகியவற்றோடு வளர்ப்பு விலங்கின் சாவும் அந்த வரிசையில் சேரும். மருத்துவப் பட்டியல்களும் இதில் ஊரோடுதான் நிற்கின்றன. நீடித்த துக்கக் கோளாறு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11, அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். ஆகிய இரண்டு கையேடுகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் செத்தது மனிதராக இருக்க வேண்டும் என்பது இரண்டிலும் நிபந்தனை.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசலில் 1914-இல் கல்லுடைக்கும்போது ஒரு புதைகுழி அகப்பட்டது. வயது ஏறக்குறைய 14,000 ஆண்டுகள். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய்க்குட்டி. குட்டியின் பற்களை அண்மையில் மறுபடி ஆராய்ந்தபோது, அதற்கு டிஸ்டெம்பர் நோய் வந்து, பல வாரங்கள் உயிரோடு இருந்த தடயம் தெரிந்தது. பராமரிப்பு இல்லாமல் ஒரு குட்டி அந்த நோயில் அவ்வளவு காலம் தாங்காது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு சீக்காளிக் குட்டிக்கு யாரோ தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பழைய எகிப்தில் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள், நாய் செத்தால் தலையையும் உடலையும் மழிப்பார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளை மீட்கப் போய் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்திலேயே அவனுடைய நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும் சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டின் எத்தனை மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும்?

இன்றும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் காளை செத்தால் ஊரே கூடும். வேட்டி, துண்டு, மாலை எல்லாம் சாத்தி, கொட்டு முழங்க ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். அங்கே யாரும் ‘மாடுதானே’ என்று சொல்லிவிட முடியாது. காளை ஊர்ச்சொத்து என்பதால் அதன் சாவும் ஊர்த் துக்கம். மூன்றாவது மாடிக் குடியிருப்பில் செத்த பூனைக்கு ஊர் கிடையாது. விலங்குக்காக அழுவது மேல்நாட்டு இறக்குமதி, பணக்காரப் பகட்டு என்று பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தக் காளையின் ஊர்வலத்தில் நடந்துவிட்டு வரலாம்.

இனி குற்ற உணர்வு. வளர்ப்பு விலங்கின் சாவில் மிகக் கூர்மையான முள் இதுதான், ஏனென்றால் அந்த விலங்கு சம்பந்தப்பட்ட எல்லா முடிவையும் எடுத்தவர் நாம். எதைச் சாப்பிட வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும், சில சமயம் எப்போது சாக வேண்டும் என்பதுகூட. ‘ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா...’ என்ற நினைப்பு வராத வீடே கிடையாது. அதற்கு உடலியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. பூனையின் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திசுவில் மூன்றில் இரண்டு பங்கு வீணான பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போகத் தொடங்கும். ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். அதுவரை பூனை சாதாரணமாகவே திரியும். நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் உண்ணிக் காய்ச்சலிலும் ஒரு வகை, அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும். வலியை வெளியே காட்டாமல் இருப்பது விலங்குகளின் இயல்பும்கூட. நீங்கள் கவனிக்கத் தவறியதாக நினைப்பதில் பெரும்பகுதி, கவனிக்கவே முடியாததாக இருந்திருக்கும்.

பிறகு மூளையின் தந்திரம் ஒன்று. 1975-இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த 19ஆம் நூற்றாண்டுச் சண்டையின் விவரத்தைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவைச் சொன்னார்: ஆங்கிலேயர் வென்றனர், கூர்க்காக்கள் வென்றனர், இழுபறியானது என்று. எந்த முடிவைக் கேட்டார்களோ, அதுதான் நடக்க வாய்ப்பு அதிகம் என்று படித்த விவரத்திலிருந்தே தெரிந்தது என்றார்கள். முடிவு தெரிந்துவிட்டால், அது முன்பே தெரிந்திருந்ததாக மூளை கணக்கை மாற்றி எழுதிவிடுகிறது. நாய் திங்கட்கிழமை பாதிச் சோற்றை மிச்சம் வைத்தது. புதன்கிழமை செத்தது. வியாழக்கிழமை அந்தப் பாதிச் சோறு அபாயச் சங்காகத் தெரிகிறது. திங்கட்கிழமை அது வெறும் பாதிச் சோறுதான். வெயிலுக்குச் சோற்றை மிச்சம் வைத்த நாட்கள் அதற்கு முன்பும் இருந்தன.

ஊசி போட்டுத் தூங்கவைக்கச் சம்மதித்தவர்களின் பாரம் இன்னும் கனமானது. ‘உயிரை எடுக்க நாம் யார்?’ என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் நாம். முறையாகச் செய்யும்போது நடப்பது என்னவென்றால், அளவுக்கு அதிகமான மயக்க மருந்து ரத்தத்தில் ஏறுகிறது. முதலில் நினைவு போகிறது, அதன்பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கின்றன. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் பெரும்பாலும் மூடாது. இறந்த பின் தசை துடிக்கலாம், ஒன்றிரண்டு முறை மூச்சிழுப்பது போலவும் தோன்றலாம். இவை நினைவற்ற உடலின் எதிர்வினைகள். வலியின் அடையாளம் இல்லை. இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பக்கத்தில் இருந்தவர் அந்தத் துடிப்பை ஆண்டுக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்காது. பல மருத்துவர்கள் சொல்வதில்லை. நெரிசலில் நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் சொல்ல வேண்டும்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று எல்லா இடத்திலும் ஓதுகிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் இதை எழுதியபோது அவர் பேசியது, சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம். ஒருவரை இழந்து அழுகிறவர்களைப் பற்றிய ஆய்வாக அது பிறக்கவில்லை. ‘எனக்குக் கோபமே வரலையே, நான் சரியா அழலையோ?’ என்று கவலைப்பட எதுவும் இல்லை. ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டு, பழைய சங்கிலி கையில் பட்டதும் உடைந்துபோவது பின்னடைவும் இல்லை. அலை அப்படித்தான் அடிக்கும். இடைவெளி மட்டும் நாளாக ஆகக் கூடும்.

செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, ஒரு சடங்கு. சின்னதாக இருந்தாலும் போதும். குழி வெட்டி, பூப்போட்டு, வீட்டார் நின்று அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது ‘இனி இல்லை’ என்ற செய்தியை மூளைக்கு அழுத்திச் சொல்லும் வேலையைச் செய்கிறது. குழி மூன்று, நான்கு அடியாவது ஆழம் இருக்கட்டும். ஊசி போட்டுத் தூங்கவைத்த உடலில் மருந்து நெடுநாள் தங்கும். தெரு நாய் தோண்டி, அதுவோ காக்கையோ தின்றால் அவையும் சாகக்கூடும். இன்னொரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறிநோயால் செத்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள விலங்கானால், கடியோ கீறலோ வாங்கியவர், அதன் எச்சில் புண்ணில் பட்டவர் எல்லோரும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அழுகை காத்திருக்கும், வைரஸ் காத்திருக்காது.

குழந்தைகளிடம் ‘தூங்கிடுச்சு’, ‘ஓடிப்போயிடுச்சு’ என்று சொல்வதை விட்டுவிடலாம். செத்தால் திரும்பி வராது, உடல் இயங்காது, எல்லா உயிரும் சாகும் என்ற மூன்றும் சேர்ந்து பிடிபட ஐந்திலிருந்து ஏழு வயதுவரை ஆகும். அதற்கு முன்னால் ‘தூங்கிடுச்சு’ என்று கேட்ட குழந்தை, தான் தூங்கவே பயப்படலாம். ‘ஓடிப்போயிடுச்சு’ என்று கேட்ட குழந்தை தினமும் தெருவில் தேடும். ‘செத்துப்போச்சு’ என்று சொல்லி, கூட உட்கார்ந்து அழுவதே நல்லது.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். கூட இருந்த நாயை இழந்த நாய்களைப் பற்றி இத்தாலியில் வளர்ப்பவர்கள் 426 பேரிடம் கேட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. 86 விழுக்காட்டினர், மிஞ்சிய நாயின் நடத்தை மோசமாக மாறியதாகச் சொன்னார்கள். விளையாட்டும் சாப்பாடும் குறைந்தன, பயம் கூடியது, மனிதரை ஒட்டியே இருக்கப் பார்த்தது. வளர்ப்பவரின் துக்கத்தைப் பார்த்து அது மாறியதா, தானே துக்கப்பட்டதா என்று பிரிப்பது கடினம். எப்படியானாலும் அதன் சோறும் நடையும் பழைய நேரத்துக்கே நடந்தால் இருவருக்கும் நல்லது.

அடுத்த குட்டியை எப்போது வாங்கலாம் என்பதற்கு நாள் குறிக்க முடியாது. போனதன் பெயரையே வைத்து, அதே நிறத்தில், அதே வாரத்தில் வாங்கி வருவது என் பார்வையில் வந்த குட்டிக்குச் செய்யும் அநியாயம். அது இன்னொன்றின் வேடத்தில் வாழ வேண்டியிருக்கும்.

பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இன்னொண்ணு வாங்கிக்கலாம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அதன் பெயர் என்ன, எத்தனை வருஷம் இருந்தது, எப்படி ஆச்சு என்று கேளுங்கள். சாவு வீட்டில் நாம் கேட்கும் அதே கேள்விகள்தான். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, தானும் போய்விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நாய் செத்ததற்காக அழைக்கிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.